அத்திக் கன்று: குச்சியா, விண்பதியமா?

சீமை அத்தியை வீட்டில் பெருக்கக் குச்சி நடவுதான் சுலபம். பென்சில் பருமனில், சுமார் 20 செ.மீ. நீளத்தில், மூன்று நான்கு கணு உள்ள முற்றிய குச்சியை மணல் கலந்த தென்னை நார்க்கழிவில் ஊன்றினால் போதும். கவாத்தில் (கிளைகளை வெட்டிவிடும்போது) விழுந்த குச்சிகளே பத்துக் கன்றாகிவிடும். ஆனால் வேர் விடுவதற்கு முன்பே இலை துளிர்த்து ஏமாற்றும். அதை நம்பித் தண்ணீரை அள்ளி ஊற்றினால் அழுகல்தான் (நானும் அப்படிக் கொன்றிருக்கிறேன்). காய்க்கப் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டாகும்.

விண்பதியத்தில் கிளை தாய்மரத்திலேயே வேர் விடுகிறது. பட்டையை ஓர் அங்குலம் வளையமாக உரித்து, ஈர நார்க்கழிவு வைத்துப் பாலிதீன் தாளால் கட்ட வேண்டும். ஒன்றிரண்டு மாதத்தில் வேர் தெரியும். வளர்ந்த கிளை என்பதால் அதே ஆண்டிலேயே காய் பார்க்கலாம். ஒரு கிளைக்கு ஒரு கன்றுதான், சரி. மொட்டைமாடிக்கு ஒன்றே போதுமென்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

எதுவானாலும் நல்ல வெயிலும் அடக்கமான தொட்டியும் வேண்டும். தழைச்சத்தில் (நைட்ரஜன் உரத்தில்) சிக்கனம் காட்டுங்கள். காய் இலைக்காம்பின் அடியில்தான் வரும். அங்கே காய் பிடிக்க, புதுக்கிளையில் ஐந்தாறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். அப்புறம், அத்திப்பால் பட்டால் கை அரிக்கும். உறை போட்டுக்கொண்டு வெட்டுங்கள்.