ஒரு தாத்தா, நான்கு பெயர்கள்: ஜூயிஷ்ஜென் தேடல் எப்படி?

என் தோழியின் தாத்தா ஒரு யூதர். அவருக்கு நான்கு பெயர்கள். வீட்டில் ஹெர்ஷ். 1920களில் எடுத்த போலந்து பாஸ்போர்ட்டில் ஹயிம் ஹெர்ஷ். அர்ஜென்டினாவில் குடியேறிய பிறகு எல்லாக் காகிதங்களிலும் ஹைமே. கல்லறையில் எபிரேய எழுத்தில் 'ஹயிம் ஸ்வி, யெஹுதா லெய்பின் மகன்'. அவர் பிறந்தது 1900ஐ ஒட்டி, இன்றைய பெலாரூஸில் உள்ள குரோத்னோ பக்கத்தில் ஒரு சிற்றூரில். அப்போது அது ருஷ்யப் பேரரசு. தோழிக்கு வேண்டியது ஒன்றுதான்: அவருடைய பிறப்புப் பதிவு.

நான் நூலகத்தில் பட்டியல் போடும் வேலை பார்ப்பவள். ஒரே ஆசிரியர் பெயர் ஐந்து விதமாக எழுதப்பட்டு வந்து நிற்பது எனக்குப் பழக்கம். அதனால் "நான் பார்த்துத் தருகிறேன்" என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். ஆறு வாரம் ஆனது.

முதலில் காசு கட்டிய ஒரு வம்சாவளித் தளத்தில் தேடினோம். பாஸ்போர்ட்டில் இருந்த எழுத்தை அப்படியே தட்டினால் ஒன்றுமே இல்லை என்றது. ஓர் எழுத்தை மாற்றினாலும் அதே பதில். அந்தத் தளம் எழுத்தை மட்டுமே பார்க்கிறது, ஒலியைப் பார்க்கவில்லை என்று புரிய இரண்டு வாரம் போயிற்று. அப்புறம்தான் யூதர்களின் வம்சாவளித் தளமான ஜூயிஷ்ஜென் பக்கம் வந்தோம். 1987இல் தொடங்கியது. இப்போது நியூயார்க்கின் யூத மரபு அருங்காட்சியகத்தோடு இணைந்து நடக்கிறது. இலவசம்தான், ஒரு கணக்கு தொடங்கினால் போதும். பதிவேடுகளைப் படித்து ஏற்றுபவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள்.

தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டியல் விரியும். இந்தத் தளத்தின் உயிரே அதுதான் என்பேன். 'இஸ் எக்ஸாக்ட்லி' என்று வைத்தால் எழுத்துக்கு எழுத்து பார்க்கும். 'சவுண்ட்ஸ் லைக்' என்று வைத்தால் டெய்ட்ச்-மோகோடாஃப் முறையில் ஒலியை எண்ணாக்கித் தேடும். 'போனெட்டிக்கலி லைக்' என்றால் பைடர்-மோர்ஸ் முறை. அது 2008இல் வந்தது. பெயர் எந்த மொழியின் எழுத்து வழக்கில் இருக்கிறது என்று ஊகித்து, அதற்கேற்ப ஒலியைக் கணக்கிடும். அதை எழுதிய இருவரில் ஸ்டீபன் மோர்ஸ் யார் தெரியுமா? இன்டெல் 8086 சிப்பை வடிவமைத்தவர். தெரிந்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

பெயரின் ஒலியை எண்ணாக்கும் பழைய அமெரிக்க முறையான சவுண்டெக்ஸ் ஏன் போதவில்லை என்பதற்கு ஒரு குடும்பப் பெயரே சாட்சி. மாஸ்கோவிட்ஸ் என்பதை நடுவில் டபிள்யூ போட்டு எழுதினால் பழைய முறையில் எம்232. வி போட்டு எழுதினால் எம்213. பெயர் ஒன்று, பெட்டி இரண்டு! 1985இல் வம்சாவளி ஆய்வாளர் கேரி மோகோடாஃப், பாலஸ்தீனத்தில் 1921 முதல் 1948 வரை சட்டப்படி பெயர் மாற்றிக்கொண்ட சுமார் 28,000 பேரின் பட்டியலை அட்டவணைப்படுத்தும்போது இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு, ஜெர்மானிய, ஸ்லாவியப் பெயர்களுக்கென்று வேறு விதி எழுதினார். ராண்டி டெய்ட்ச் அதை மேலும் செம்மைப்படுத்தினார். அவர்கள் முறையில் அந்த இரண்டு எழுத்துக்கும் எண் 645740தான்.

ஹயிம் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். எபிரேயத்தில் 'ஹெத்' என்ற எழுத்தில் தொடங்குவது, தொண்டையிலிருந்து வரும் ஒலி. போலந்து எழுத்தர் அதற்கு சி, எச் போடுவார். ருஷ்ய எழுத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுபவர் கே, எச் போடுவார். இஸ்ரேலில் வெறும் எச் போதும். ஸ்பானிஷில் ஜே. ஷாலோமுக்கோ இன்னும் விரிவான கதை: ஆங்கிலத்தில் எஸ், எச், போலிஷில் எஸ், இசட், ஜெர்மனில் எஸ், சி, எச், பிரெஞ்சில் சி, எச், ஹங்கேரியனில் தனி எஸ். இது போதாதென்று உச்சரிப்பும் மாறும். ஒரு யூதர் நாதான் என்பதை இன்னொருவர் நோசன் என்பார். இருவரும் பார்த்துப் படிப்பது அதே எபிரேய எழுத்தைத்தான். விவிலியத் தமிழில் இட்ஸ்ஹாக் ஈசாக்கு ஆனதை நாம் எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொண்டோம்! ஹெத்துக்குத் தமிழில் எழுத்து இல்லாமல் நானும் இங்கே ஹ போட்டுத்தான் சமாளிக்கிறேன்.

விதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையாலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். எச், ஏ, ஐ, எம் என்று எழுதினால் 560000. முதலில் கே சேர்த்தாலும் அதே 560000. சி, எச் என்று தொடங்கினால் அதற்கு இரண்டு ஒலி இருக்கலாம் என்று முறையே ஒப்புக்கொண்டு, 560000, 460000 என இரண்டு எண் தருகிறது. ஆனால் நடுவில் ஒய் வந்து, அதன் பின் ஐயும் வந்தால் 516000 ஆகிவிடும். ஆகவே இந்தப் பெயரை ஒய் உள்ளதாக ஒரு தடவை, இல்லாததாக ஒரு தடவை தேடுங்கள். இது ஒன்று தெரிந்தாலே பாதி நேரம் மிச்சம்.

நாங்கள் அப்படியெல்லாம் தேடினோம். ஹயிம்கள் வந்தார்கள், ஏராளமாக. எங்கள் ஹயிம் மட்டும் வரவில்லை. தகப்பன் பெயர் யெஹுதா என்று போட்டு வடிகட்டினால் மிச்சம் யாருமே இல்லை.

இங்கேதான் ஒலி நின்றுபோய், சமூகம் அறிந்த விஷயம் தேவைப்பட்டது. யெஹுதா என்பவர் வீட்டிலும் பதிவேட்டிலும் வெறும் லெய்ப் ஆக இருக்கலாம். ஆதியாகமம் 49ஆம் அதிகாரத்தில் யாக்கோபு தன் மகன் யூதாவை (எபிரேயத்தில் யெஹுதா) சிங்கக்குட்டி என்கிறார். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வீட்டில் பேசிய இத்திஷ் மொழியில் சிங்கம் லெய்ப். அதே அதிகாரத்தில் நப்தலி பெண்மான், பென்யமீன் ஓநாய். அதனால் நப்தலி ஹிர்ஷ், பென்யமீன் வுல்ஃப். ஸ்வி என்றால் எபிரேயத்தில் மான். அதுவே இத்திஷில் ஹிர்ஷ், ஹெர்ஷ். ஒன்று ஜெபக்கூடத்தில் அழைக்கும் பெயர், மற்றது அடுக்களையில் கூப்பிடும் பெயர். ஸ்வியையும் ஹெர்ஷையும் எந்த ஒலிக்கணக்கும் ஒன்று சேர்க்காது, சேர்க்கவும் முடியாது. மணமுறிவுப் பத்திரமான கெத் எழுதும்போது இந்தப் பெயர்களை எந்த எழுத்தில் எழுதுவது என்பதற்கு யூதச் சட்ட நூலில் தனிப் பகுதியே உண்டு: எவென் ஹாஎசெர், 129. பெயர் தப்பாக எழுதப்பட்டால் அந்தப் பத்திரமே செல்லாமல் போகக்கூடும். எழுத்து விஷயத்தில் அவ்வளவு கவனமான மக்கள், ஊர் ஊராக யார் யாரோ எழுதிக்கொடுத்த எழுத்தைச் சுமந்தார்கள்.

இன்னொரு குறிப்பு. டெய்ட்ச்-மோகோடாஃப் முறை கிழக்கு ஐரோப்பாவுக்காகச் செய்தது. பைடர்-மோர்ஸில் ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்த செபார்டி யூதர்களின் பெயர்களுக்குத் தனி விதிகள் உண்டு. ஆனால் 1796இல் பம்பாயின் முதல் ஜெபக்கூடத்தைக் கட்டிய சாமுவேல் எசேக்கியேல் திவேகர், மராத்தி பேசும் இந்திய யூதர்களான தன் பெனே இஸ்ரேல் மக்களிடையே சாமாஜி ஹசாஜி. அப்படிப்பட்ட பெயர்களுக்கு அந்தச் சமூகத்தாரைக் கேட்பதே வழி.

சரி, எங்கள் ஹயிமுக்கு வருகிறேன். தோழியின் பெரியம்மா தொலைபேசியில் பேசும்போது வேறு ஏதோ பேச்சில், "அப்பா சின்ன வயதில் காய்ச்சலில் சாகக் கிடந்தாராம்" என்றார். தோழி சட்டென்று நிமிர்ந்தாள். நோயில் கிடப்பவருக்குப் பெயர் சேர்ப்பது அவர்கள் வழக்கம்: ஆணுக்கு ஹயிம், பெண்ணுக்கு ஹயா. உயிர், வாழ்வு என்று பொருள். அப்படியானால் பிறந்தபோது அவர் ஹயிமே இல்லை!

ஹயிமை எடுத்துவிட்டோம். பெயர் ஹெர்ஷ், தகப்பன் லெய்ப், 'சவுண்ட்ஸ் லைக்', ஊர். வந்த வரிசையில் கிர்ஷ் என்று ஒருவர் இருந்தார். ருஷ்ய எழுத்தில் ஹ ஒலி கிடையாது, கி போட்டு எழுதுவார்கள், ஆங்கிலத்தில் அது ஜி. இந்த முறையில் ஜி, எச் இரண்டுக்கும் தொடக்க எண் 5. நடுவில் தனியாக வரும் உயிரெழுத்து கணக்கில் வராது. அதனால்தான் ஹெர்ஷைத் தேடியவர்களிடம் கிர்ஷ் வந்து நின்றார். தகப்பன் லெய்பா, தாயின் பெயரும் பொருந்தியது.

தோழி திரையில் விரலை வைத்து அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை, வீட்டில் அவரைச் செல்லமாகக் கூப்பிட்ட மாதிரியே, "ஹெர்ஷெலே" என்றாள்.