பிரசவம் இங்கேயா, அம்மா வீட்டிலா, அம்மாவையே வரவழைப்பதா?

வெளிநாட்டில் குடியிருக்கும் பெண் கர்ப்பமாகிவிட்டால் போதும், "டெலிவரி எங்கே?" என்ற கேள்வி வந்துவிடும். அம்மா கேட்பார், மாமியார் வீடியோ காலில் கேட்பார், ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், தாய்மொழியில் ஒன்றுகூடி ஜெபிக்கும் எங்கள் ஐக்கியத்து அக்காமார் கேட்பார்கள். பதில் மூன்றுதான். ஊருக்குப் போய் அம்மா வீட்டில் பெற்றுக்கொள்வது, இங்கேயே கணவனும் மனைவியுமாகச் சமாளிப்பது, இங்கேயே பெற்றுக்கொண்டு அம்மாவை வரவழைப்பது. எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். ஆகவே மூன்றையும் அலசிப் பார்க்காமல் தூக்கம் வருவதில்லை.

எல்லோரும் ஆஸ்பத்திரியை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். எங்கே வசதி, எங்கே செலவு குறைவு, எங்கே சிசேரியனுக்கு அவசரப்படுவார்கள் என்று. எனக்கு அது இரண்டாவது கேள்வி. வலி வந்தால் எந்த ஊரிலும் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, அது அவர்கள் வேலை. கணவரின் விடுப்பு முடிந்து அவர் வேலைக்குக் கிளம்பும் அந்த முதல் திங்கட்கிழமை வீட்டில் என்னோடு யார் இருப்பார்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் மூன்று வழிகளும் வேறு மாதிரி தெரிகின்றன.

அம்மா வீட்டுக்குப் போவது

மனசு முதலில் ஓடுவது இங்கேதான். பழகிய மொழி, பழகிய கட்டில், ராத்திரி குழந்தையைத் தூக்கிக்கொள்ள ஆள். ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்கே ஒரு கணக்கு இருக்கிறது. வயிற்றில் ஒரு குழந்தை என்றால் 36 வாரம் வரை, இரட்டை என்றால் 32 வாரம் வரை என்பது பெரும்பாலான விமான நிறுவனங்களின் வரம்பு. 28 வாரத்துக்கு மேல் பல நிறுவனங்கள் டாக்டர் கடிதம் கேட்கும். 36 வரை விடுகிறார்களே என்று 35ஆம் வாரத்துக்கு டிக்கெட் போட்டால், அந்த வாரம் பிரஷர் கொஞ்சம் ஏறினாலும் கடிதம் கிடைக்காது, டிக்கெட்டும் போய்விடும். 28லிருந்து 32க்குள் கிளம்பிவிடுவதே நல்லது. நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. கர்ப்பமும் அந்த வாய்ப்பைக் கூட்டும். அதனால் ஓர இருக்கை, நிறையத் தண்ணீர், அவ்வப்போது எழுந்து நடப்பது. இறுக்கமான காலுறை தேவையா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரி மாற்றுவதில் பெரிய சிக்கல் காகிதம்தான். 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேன், 24 முதல் 28 வாரத்துக்குள் பார்க்கும் சர்க்கரைச் சோதனை, ரத்த வகை, நெகட்டிவ் வகையாக இருந்தால், தாயின் ரத்தம் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகக் கிளம்பாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போட்ட தேதி எல்லாம் கையில் இருக்க வேண்டும். "எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது" என்பார்கள். அந்தக் கம்ப்யூட்டர் நம்மோடு விமானத்தில் வராது. அச்செடுத்துக் கேட்டு வாங்குங்கள்.

இந்த வழியில் உண்மையான நஷ்டம் கணவருக்கு. குறித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்துதான். அவர் எந்தத் தேதிக்கு லீவு போடுவார்? முன்னாலேயே வந்து காத்திருந்து லீவு தீர்ந்து திரும்புகிறவர்கள் உண்டு, குழந்தை பிறந்த செய்தியை வேலையிடத்தில் நின்று போனில் கேட்கிறவர்களும் உண்டு. அப்புறம் குழந்தைக்குப் பாஸ்போர்ட், விசா. கண் திறந்திருக்க வேண்டும், பின்னணியில் யார் கையும் தெரியக் கூடாது என்று பச்சைக் குழந்தையின் போட்டோவுக்கும் விதி இருக்கிறது. எந்நேரமும் தூங்கும் பிள்ளையைக் கண் திறக்கவைத்துப் படம் பிடிப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும்.

எல்லாம் முடிந்து மூன்றாம் மாதமோ நாலாம் மாதமோ திரும்பி வருவீர்கள். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்து, மறுநாள் அவர் வேலைக்குப் போய்விட்டால், அதுதான் நான் சொன்ன அந்தத் திங்கட்கிழமை. கைக்குழந்தையோடு தனியாக ஒரு வீட்டை நடத்திய பழக்கம் அதுவரை இருவருக்குமே இருக்காது. கஷ்டம் தீரவில்லை, தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். இருந்தாலும் காப்பீடு இல்லாதவர்கள், கணவர் மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருக்கும் வேலை பார்ப்பவர்கள், பக்கத்தில் ஒருவரையும் தெரியாதவர்கள் யோசிக்காமல் போகலாம்.

இருவர் மட்டும்

தைரியசாலிகளின் வழி என்று சொல்வார்கள். வேறு வழியில்லாதவர்களின் வழி என்பதே பெரும்பாலும் உண்மை.

பல நாடுகளில் சிக்கலில்லாத கர்ப்பத்தை முழுக்க முழுக்க மருத்துவச்சிகளே பார்க்கிறார்கள். டாக்டரைப் பார்த்தே பழகிய நமக்கு இது ஒரு அதிர்ச்சி. உள்ளே போனால் பிரஷர் பார்ப்பார், சிறுநீரில் ஒரு அட்டையை முக்கிப் பார்ப்பார், தையல்காரர் டேப்பால் வயிற்றை அளப்பார், குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கவைப்பார், "வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார். பத்து நிமிடத்தில் வெளியே வந்து, "டாக்டர் எங்கேப்பா?" என்று கணவரைக் கேட்போம். பயப்பட ஒன்றுமில்லை. அவர்கள் அதற்கென்றே படித்தவர்கள், தேவைப்பட்டால் டாக்டரிடம் அனுப்புவார்கள்.

மொழிதான் எனக்குப் பயம். ஆபீசில் சரளமாகப் பேசும் மொழி வலியில் வாய்க்கு வராது. பல ஆஸ்பத்திரிகளில் போன் வழியாக மொழிபெயர்ப்பாளரைத் தருவார்கள், முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். கணவரையே மொழிபெயர்ப்பாளர் ஆக்கிவிடாதீர்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், அந்த வேலையே போதும். பிரசவ நேரம் முழுக்க ஒருவர் கூடவே இருந்து ஆதரவு தந்தால் சுகப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது என்று 15,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த ஆய்வுகளின் தொகுப்பு 2017இல் சொன்னது. கூட இருந்து ஜெபம் பண்ணுகிற ஆள் பக்கத்தில் இருப்பதன் அருமையை ஆய்வு அளக்கவில்லை, அதை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

சரி, வீட்டுக்கு வந்த பிறகு? இங்கே பலரும் "சபை இருக்கிறதே" என்பார்கள். எந்தச் சபை என்று பார்க்க வேண்டும். தாய்மொழி ஐக்கியமும் தெருமுனையில் இருக்கும் உள்ளூர்ச் சபையும் இந்த விஷயத்தில் ஒன்றல்ல.

போன வருடம் எங்கள் ஐக்கியத்தில் ஒரு அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே ஒரு கூட்டமாக ஜெபம் பண்ணப் போனோம். வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. பாட்டு, வேத வாசிப்பு, ஜெபம், அப்புறம் ஆளுக்கு ஒரு தடவை குழந்தையை வாங்கிப் பார்த்தோம். அன்பில் குறையே இல்லை. ஆனால் அந்த அக்கா, தையல் ஆறாத உடம்போடு, ஒரு கையால் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தார். அதே வாரம் அவர் வீட்டுக்குப் பக்கத்து உள்ளூர்ச் சபையில் ஒரு தாள் சுற்றி வந்திருக்கிறது. யார் எந்த நாள் சாப்பாடு தருவது என்று பெயரை எழுதிக்கொண்டு, சாயங்காலம் வாசலில் வைத்துவிட்டு மணியை அடித்துவிட்டுப் போனார்களாம். உள்ளே கூட வரவில்லை. அவர் பெயரையே சரியாக உச்சரிக்கத் தெரியாதவர்கள்!

முதலில் இது எனக்கு ஒட்டாத அன்பாகத் தோன்றியது. இப்போது அந்தத் தாளில் என் பெயரும் வரட்டும் என்று இருக்கிறேன். இரண்டும் வேண்டும். ஐக்கியத்துக்காரர்கள் பெரும்பாலும் நகரத்தின் நாலு மூலையிலும் இருப்பார்கள், அவர்களை மனம்விட்டுப் பேசுவதற்கும் போனில் ஜெபிப்பதற்கும் வைத்துக்கொள்ளலாம். பக்கத்துச் சபையிடம் பாத்திரத்தையும் துணிக்கூடையையும் நம்பி ஒப்படைக்கலாம். பார்க்க வருகிறவர்களிடம் கை கழுவச் சொல்லவும், சளி இருமல் இருந்தால் பிறகு வரச் சொல்லவும் கணவரைப் பழக்க வேண்டும். கக்குவான் இருமல் சிசுவுக்கு ஆபத்து என்பதால்தான் பல நாடுகளில் கர்ப்பத்திலேயே தாய்க்கு அதற்கான தடுப்பூசி போடுகிறார்கள்.

இன்னொன்று. பிரசவித்த பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தச் சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பரோ அளவுகோல் என்று பத்தே கேள்விகள், 1987இலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது, பல நாடுகளில் தாயிடம் அதைக் கேட்பார்கள். நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். நம் வட்டத்தில் இதை விசுவாசக் குறைவு என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறான பேச்சு. பிரஷருக்கு மாத்திரை எடுக்கும்போது யாரும் விசுவாசத்தை அளப்பதில்லையே. இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் இந்தச் சோர்வைக் கவனிக்கக் கணவர் ஒருவர்தான், அவரும் தூக்கமில்லாமல் இருப்பார். இந்த வழியின் பெரிய ஓட்டை இதுவே.

அம்மாவை வரவழைப்பது

நான் சாய்வது இந்தப் பக்கம். ஆனால் எல்லோரும் செய்கிற மாதிரி அல்ல.

எல்லோரும் அம்மாவைப் பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே வரவழைக்கிறார்கள். விசா நாட்கள் இறங்கிய அன்றே எண்ணத் தொடங்கிவிடும். மூன்று மாத விசா என்றால், ஒரு மாதம் காத்திருப்பிலேயே தீரும். அடுத்த சில வாரம் கணவரும் வீட்டில் இருப்பார், சின்ன வீட்டில் உதவிக்கு ஆள் மேல் ஆள். எல்லோரும் கிளம்பிய பிறகுதான் நிஜமான தனிமை தொடங்கும். இயேசுவின் தாய் மரியாள், கர்ப்பமாயிருந்த உறவுக்காரி எலிசபெத்தின் ஆறாம் மாதத்தில் போய் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினாள் என்று வேதாகமத்தில் லூக்கா முதல் அதிகாரத்தில் வருகிறது, அதாவது கடைசி மூன்று மாதத்துக்குத் துணை. முதியவளான எலிசபெத்துக்கு அது பொருந்தியது, அவளுக்கு உறவுக்காரரும் அயலகத்தாரும் வேறு பக்கத்தில் இருந்தார்கள். எனக்குத் துணை வேண்டியது அதற்குப் பிந்திய மூன்று மாதம். மரியாளுக்கு விசா தொல்லையும் இல்லை.

ஆகவே கணவரின் விடுப்பு முடிகிற வாரத்தில் அம்மா வந்து இறங்கட்டும். முதல் வாரங்களில் நாங்கள் இருவரும் தட்டுத் தடுமாறிக் குழந்தையைக் கையாளப் பழகிவிடுவோம். குழந்தை பிறந்த பிறகு ஆறாம் வாரம் வரைக்கும் தாயையும் சேயையும் பார்க்க வேண்டும் என்பது 2022இல் வந்த உலக சுகாதார நிறுவனப் பரிந்துரை. அந்தக் கடைசிப் பரிசோதனைக்கு அம்மா கூட வருவார்.

அம்மா வருவதிலும் சிரமம் உண்டு. அவருடைய சர்க்கரைக்கும் பிரஷருக்கும் தங்கும் நாள் முழுக்க மாத்திரை, மருந்துச் சீட்டு, பழைய நோய்களையும் ஏற்கும் காப்பீடு எல்லாம் வேண்டும். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், தொட்டிலில் தலையணை கூடாது, ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிரத் தண்ணீர் கூட வேண்டாம் என்று மருத்துவச்சி சொல்வதை "நாங்கள் வளர்க்கவில்லையா?" என்று அம்மா கேட்பார். இந்தச் சண்டையை இப்போதே போனில் போட்டு முடித்துவிடுவது உத்தமம். அப்புறம் அதிகாலை ஐந்து மணி ஜெபம். என் அம்மா ஜெபித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், இங்கே சுவர் மெலிசு. இதற்கு எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.

குடியுரிமை, ஞானஸ்நானம்

பிறந்த மண்ணே குடியுரிமை தரும் என்று எல்லா நாட்டுக்கும் சேர்த்து நினைத்துவிடாதீர்கள். கனடா தருகிறது. பிரிட்டன் 1983இலிருந்தும், ஆஸ்திரேலியா 1986இலிருந்தும், அயர்லாந்து 2005இலிருந்தும் பெற்றோரின் நிலையைப் பார்த்துத்தான் தருகின்றன. பல நாடுகள் தருவதே இல்லை. அப்போது தூதரகத்தில் பதிவு செய்து பெற்றோரின் நாட்டுப் பாஸ்போர்ட் வாங்க வேண்டும், தாமதிக்கக் கூடாது.

ஞானஸ்நானம் ஒன்றில்தான் அம்மா வீடு தெளிவாக ஜெயிக்கிறது. தாத்தா பாட்டி, ஞானப்பெற்றோர், நம்மை வளர்த்த சபை எல்லாம் ஒரே இடத்தில். இங்கே பிறந்தால் தள்ளிப்போடத் தோன்றும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் முதல் சில வாரங்களுக்குள் என்கிறது. ஞானப்பெற்றோராக ஒருவர் இருந்தாலே போதும், பொதுவாக 16 வயது நிறைந்திருக்க வேண்டும், வர முடியாவிட்டால் அவர் சார்பில் வேறொருவர் நிற்கலாம். எங்கள் வீட்டில் என் பக்கம் குழந்தை ஞானஸ்நானம், அவர் பக்கம் குழந்தையைக் கடவுளுக்கு ஒப்படைத்து ஜெபிக்கும் பிரதிஷ்டை மட்டும். அந்த விவாதத்துக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது.

அம்மாவுக்கு என் திட்டம் பிடிக்கவில்லை. "பிள்ளை பிறக்கும்போது நான் இல்லாமலா?" என்கிறார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாகப் பார்த்து எடுக்கப்போகிறோம், கொஞ்சம் காசு கூடத்தான் ஆகும்.