கோணல் ஸ்டியரிங்: கழற்றி மாட்டுவதா, டை ராடைத் திருப்புவதா?

மாருதி 800 போன்ற பழைய வண்டி நேராகத்தான் போகிறது, ஸ்டியரிங் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்றால் பட்டறையில் இரண்டு பேர் இரண்டு வழி சொல்வார்கள். ஒருவர் ஸ்டியரிங்கைக் கழற்றி நேராக மாட்டச் சொல்வார். இன்னொருவர் கீழே படுத்து, ராக்கிலிருந்து முன் சக்கரத்துக்குப் போகும் கம்பியான டை ராடைத் திருப்பச் சொல்வார். இரண்டிலுமே ஸ்டியரிங் நேராகிவிடும். ஆனால் உங்கள் வண்டிக்கு எது சரி என்பதை ராக்தான் (ஸ்டியரிங்கைச் சுற்றும்போது பக்கவாட்டில் நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு) சொல்லும்.

அதற்கு முன், வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். இழுத்தால் அது வேறு கோளாறு. டயர் காற்று, ஒட்டிப் பிடிக்கும் பிரேக், தேய்ந்த பால் ஜாயின்ட் இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நம் சாலைகள் இடப்பக்கம் சரிந்திருப்பதால் லேசாக இடது பக்கம் ஒதுங்குவது மட்டும் இயல்பு.

இழுக்கவில்லையா? சமதளத்தில் நேராக ஓட்டி வந்து நிறுத்துங்கள். அங்கிருந்து ஸ்டியரிங் இடது பக்கம் முட்டும்வரை எத்தனை சுற்று, வலது பக்கம் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் ராக் நடுவில்தான் இருக்கிறது. யாரோ ஸ்டியரிங்கைக் கழற்றியபோது, அது மாட்டும் தண்டான ஷாஃப்ட்டில் பல் மாற்றி மாட்டியிருக்கிறார்கள். அப்போது கழற்றி மாட்டுவதே முறை. ஹார்ன் மூடியை எடுத்து, ஷாஃப்ட்டிலும் வீலிலும் ஒரு கோடு போட்டுவிட்டு நட்டைத் தளர்த்த வேண்டும். நட்டை முழுதாக எடுத்துவிடாதீர்கள். நாலு மரை மிச்சம் வைத்து ஆட்டினால், சட்டென்று விடுபடும் ஸ்டியரிங் முகத்தில் அடிக்காது. 36 பல் உள்ள ஷாஃப்ட்டில் ஒரு பல் தள்ளினால் 10 டிகிரி நகரும். அதைவிடக் குறைந்த கோணலை இந்த வழியில் எடுக்கவே முடியாது. மாருதி 800-இல் ஏர்பேக் கிடையாது. ஏர்பேக் உள்ள வண்டி என்றால் வீட்டில் கை வைக்கவே வேண்டாம்.

சுற்று சமமாக இல்லை என்றால் கதை வேறு. பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்: யாரோ அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்யும்போது ஒரு பக்க டை ராடை மட்டும் திருப்பிவிட்டிருப்பார்கள். சக்கரங்கள் சரியாகிவிடும், ராக் நடுவை விட்டு விலகிவிடும். இந்த நிலையில் ஸ்டியரிங்கைக் கழற்றி நேராக்குவது கோளாறை மூடி மறைக்கும் வேலை. ஒரு பக்கம் வண்டி நன்றாகத் திரும்பும், மறுபக்கம் யூ டர்ன் எடுக்க இடம் போதாது. பத்து நிமிடத்தில் முடியும் வேலை என்பதற்காக இதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

டை ராடில் நேரம் பிடிக்கும், ஆனால் கோணலின் மூலமே போகும். முதல் நாளே மரையில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தால் லாக் நட் அடம்பிடிக்காது. பெயின்ட்டால் அடையாளம் வைத்து, ஒரு பக்கத்தை எவ்வளவு நீட்டுகிறோமோ அவ்வளவு மறுபக்கத்தைச் சுருக்க வேண்டும். அப்போதுதான் முன் சக்கரங்களின் டோ, அதாவது அவை உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கும் அளவு, மாறாது. ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் டயர் ஓரம் தின்னும். கால் சுற்று திருப்பி ஓட்டிப் பாருங்கள். கோணல் கூடினால் திசையை மாற்றுங்கள். ராக் முனையில் இருக்கும் ரப்பர் பூட்டின் கிளிப்பைத் தளர்த்தாமல் ராடைத் திருப்பினால் பூட் முறுக்கிக் கிழியும். அதன் வழியே தண்ணீரும் மண்ணும் புகுந்தால் ராக்குக்கே செலவு வைக்கும்.

டை ராடின் முனை மூட்டான டை ராட் எண்டில் ஆட்டம் இருந்தால் இரண்டு வழியும் நிற்காது. முதலில் அதை மாற்றுங்கள், பிறகு கம்ப்யூட்டர் அலைன்மென்ட்டுக்குப் போங்கள். சிறிய காருக்குச் சில நூறு ரூபாய்தான். ராக்கை நடுவில் வைத்து, ஸ்டியரிங்கை அசையாமல் பூட்டி, இரண்டு பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். ஒரு பக்கம் போதும் என்று சொல்லும் கடையில் வண்டியை விடாதீர்கள்.