வினாகிரிக்காக 400 ஆண்டுகள்: ‘டே ஒவ் த டென்டகிள்’ புதுப்பதிப்பு

லூகாஸ் ஆர்ட்ஸ் நிறுவனம் புதிர்களை அவிழ்த்துக் கதையில் முன்னேறும் ‘டே ஒவ் த டென்டகிள்’ என்ற கணினி விளையாட்டை 1993 இல் வெளியிட்டபோது, கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் போத்தல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது; சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட அந்த நாள்களில் நான் கணினி எதையும் நேரில் கண்டதில்லை. ஆகவே இவ்விளையாட்டைப் பற்றிய இளமை நினைவு எதுவும் எனக்கில்லை. பழைய விளையாட்டுகளைப் புதுப்பித்து விற்பவர்கள் பெரும்பாலும் அந்த நினைவையே நம்பி விற்கிறார்கள் என்பதால், அது இல்லாத ஒருவனுக்கும் சிரிப்பு வருமா என்று பார்க்கவே, டபிள் ஃபைன் நிறுவனம் 2016 இல் வெளியிட்ட புதுப்பதிப்பை வாங்கி, 12 வயது மருமகனுடன் பாடசாலை விடுமுறையில் விளையாடி முடித்தேன்.

கதை வேண்டுமென்றே கிறுக்குத்தனமானது. கணவாயின் கை ஒன்று தனியாக எழுந்து நடப்பதைப்போன்ற ஊதா நிறப் பிராணி ஒன்று நச்சுக் கழிவுநீரைக் குடித்து, கைகள் முளைத்து, உலகை ஆளப் புறப்படுகிறது. அதைத் தடுப்பதற்காக நேற்றைய நாளுக்கு அனுப்பப்படும் மூன்று நண்பர்களில், இயந்திரத்தில் போலி வைரம் பொருத்தப்பட்டிருந்த காரணத்தால், ஹோகி 200 ஆண்டு கடந்த காலத்திலும் லவேர்ன் 200 ஆண்டு எதிர்காலத்திலும் போய் விழ, பேர்னார்ட் மட்டும் நிகழ்காலத்தில் நின்றுவிடுகிறான். அவர்கள் ஏறிச்சென்ற கால இயந்திரங்கள் நடமாடும் மலசலகூடங்கள் என்பதும், ஒருவர் மற்றவருக்குப் பொருள் அனுப்ப வேண்டுமானால் அதற்குள் போட்டுத் தண்ணீர் இழுத்துவிட வேண்டும் என்பதும் மருமகனுக்கு முதல் நாள் முழுவதும் சிரிக்கப் போதுமாக இருந்தன.

நகைச்சுவையின் உண்மையான இடம் உரையாடல் அல்ல, புதிர்களே என்பது எங்களுக்கு மூன்றாம் நாள்தான் விளங்கியது. ஹோகிக்கு மின்கலம் செய்ய வினாகிரி வேண்டும்; அவனிடம் இருப்பதோ ஒரு போத்தல் வைன். நானும் மருமகனும் இரண்டு மாலைகள் கதை நடக்கும் மாளிகையின் அறை அறையாக ஏறி இறங்கி, கண்ட பொருளையெல்லாம் கண்ட பொருளோடு சேர்த்துப் பார்த்துக் களைத்துவிட்டோம். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா, ஆங்கிலமும் தெரியாமல் கணினியும் தெரியாமல், என்ன சிக்கல் என்று கேட்டறிந்துவிட்டு, “கள்ளுப் புளிச்சால்தானே வினாகிரி, அதைக் கன காலம் எங்கையாவது புதைச்சு வையனடா தம்பி” என்றார். அதேதான் விடை. வருங்காலச் சந்ததிக்கென்று அமெரிக்கத் தலைவர்கள் வைத்திருக்கும் பெட்டிக்குள் ஹோகி போத்தலைப் போட்டுவிட, 400 ஆண்டு கழித்து லவேர்ன் அந்தப் பெட்டியைத் தகரம் வெட்டும் கருவியால் திறந்து, புளித்து வினாகிரியாகிவிட்டதை எடுத்து மலசலகூடத்தின் வழியே திருப்பி அனுப்புகிறாள். தென்னங்கள்ளு வினாகிரியில் ஊறுகாய் போட்ட கை கண்டுபிடிக்கக்கூடிய புதிரை அமெரிக்காவில் இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்பதை நினைக்க நினைக்க எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

எல்லாப் புதிர்களும் இப்படி வசப்படுவதில்லை. எதிர்காலத்தில் மரமொன்றில் தொங்கிக்கொண்டிருக்கும் லவேர்னை இறக்க, ஹோகி அதே மரத்தின் பழங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசி, ஜோர்ஜ் வொஷிங்டனைக்கொண்டு அதை வெட்டுவிக்க வேண்டும். சிறுவயதில் வொஷிங்டன் செரி மரத்தை வெட்டினார் என்ற கர்ணபரம்பரைக் கதையை அறியாத பிள்ளைக்கு இது வெறும் தற்செயலாகவே தெரியும்; விளக்கிச் சொன்னபின் வரும் சிரிப்பு, ஆறிப்போன தேநீர்தான். தமிழ் மொழித்தெரிவும் இல்லை, சிக்கிக்கொண்டவனுக்குப் படிப்படியாகத் துப்புக் கொடுக்கும் வசதியும் இல்லை. 2022 இல் வந்த ‘ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்’ விளையாட்டில் துப்புப் புத்தகமொன்றையே நாயகன் கையில் கொடுத்திருப்பதைப் பார்த்தபின் இந்தக் குறை இன்னும் உறுத்துகிறது.

புதுப்பித்தவர்களின் அடக்கத்தைப் பாராட்ட வேண்டும். மூல விளையாட்டை டேவ் குரோஸ்மனுடன் சேர்ந்து இயக்கிய டிம் ஷேஃபரே டபிள் ஃபைன் நிறுவனத்தை நிறுவியவர். 2012 இல் பொதுமக்களிடம் திரட்டிய 33 இலட்சத்துக்கும் மேற்பட்ட டொலரால் இவ்வகை விளையாட்டுக்கு ஆள் இருக்கிறார்கள் என்று காட்டியவரும் அவர்தான். ஆயினும் புதிர்களிலோ குரல்களிலோ கைவைக்காமல், படங்களை மட்டும் கூர்மையாக மறுபடி வரைந்து, ஒலியைத் துலக்கியிருக்கிறார்கள். ஒரு விசையைத் தட்டினால் திரை 1993 இன் கட்டம் கட்டமான படமாக மாறும். நாங்கள் நகைச்சுவைக் காட்சிகளில் அதை மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தோம், எனக்குப் பழைய முகங்களே கூடுதல் கோணங்கித்தனமாகப் பட்டன.

வெளியானபோது 14.99 டொலர் விலையிட்டார்கள். தள்ளுபடிக் காலத்தில் வாங்குவது நல்லது. எங்கள் பழைய மடிகணினி இதற்குத் திணறவில்லை. நாயகர்கள் இறப்பதோ, மீள முடியாத மூலையில் மாட்டுவதோ இதில் நேராததால், அவசரமே இல்லை. வயலுக்குப் போய்விட்டு மறுநாள் வந்தும் விட்ட புதிரைத் தொடரலாம்.

இதற்கு முன்கதையான 1987 இன் ‘மேனியாக் மேன்ஷன்’ முழுவதுமே மாளிகையின் ஒரு கணினிக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. மருமகன் அதைத் திறந்து, அங்கே ஆள்கள் உண்மையாகவே செத்துப்போவதைக் கண்டு, பத்து நிமிடத்தில் மூடிவிட்டான். நான் இன்னும் அந்த வீட்டின் முன்கதவுத் திறப்பைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.