கொரியா மஞ்சப்பூ செடின்னு வண்டில விக்கான், வாங்கிராதீங்க மக்களே

பாளையங்கோட்டை, பெருமாள்புரம், கேடிசி நகர் பக்கம் இருக்கவங்க இத ஒரு தடவ படிச்சிருங்க. லோடு ஆட்டோவுல செடி கொண்டு வாரான் ஒருத்தன், ஊட்டி நர்சரி வண்டிம்பான், கையில லேமினேட் பண்ணுன போட்டோ ஆல்பம், அதுல இலையே இல்லாம கம்பு பூராம் மஞ்சப்பூவா ஒரு செடி, ஃபோர்சித்தியான்னு பேரு. போட்டோல இருக்கது நெசமான செடிதான், கொரியாவுல மார்ச் ஏப்ரல்ல ரோட்டோரம் பூராம் பூத்து கெடக்கும், எங்க வீட்டு பாப்பா கொரியன் சீரியலா பாத்து அந்த பூ மேல கிறுக்கா அலையுதா, அவ முன்னாலயே ஆல்பத்த விரிச்சுட்டான். ஜோடி 1200 ரூவா.

தந்தது சாக்கு சுத்துன ரெண்டு மொட்ட கம்பு. இலை எங்கப்பான்னா "அண்ணாச்சி, இது இலையுதிர் செடில்லா, குளிருக்கு இப்படித்தான் நிக்கும், மாசில பாருங்க, பூவா கொட்டும்"ங்கான். இங்கதான் வெவரம் இருக்கு. இலை இருந்தா என்ன செடின்னு யாராச்சும் கண்டுபிடிச்சிருவாவ, மாசி வரைக்கும் பூ எங்கன்னு கேக்கவும் முடியாது, அதுக்குள்ள ஆளு எந்த ஊர்லயோ.

ஒண்ணு சீக்கிரமே கருத்து போச்சு. சாக்க பிரிச்சு களிமண் உருண்டைய உடச்சா வேருன்னு ஒரு நூல் கூட இல்ல, கத்தியால சாய்வா வெட்டுன கம்ப அப்படியே சொருகி வச்சிருக்கான். இன்னொண்ணு துளுத்துச்சு, ஒரே காம்புல ஜோடி ஜோடியா இலை, நுனில ஒத்த இலை, ஓரமெல்லாம் ரம்பப் பல்லு. தெரிஞ்ச நர்சரி அண்ணாச்சிக்கு போட்டோ அனுப்புனா சிரிக்காரு, "டெக்கோமால்லா வே இது, நம்மகிட்ட 50 ரூவா". ஃபோர்சித்தியாவுக்கு இலை தனித்தனியா வரும், சிலதுல மூணா பிரிஞ்சிருக்கும், பூவுக்கு நாலு இதழ், டெக்கோமா பூவுக்கு அஞ்சு மடல்.

அவன் ஒரிஜினலே தந்திருந்தாலும் இங்க பூக்காது, அதையும் சொல்லிருதேன். இத்தனைக்கும் அது நம்ம மல்லி, பவளமல்லி குடும்பந்தான், ஆனா போன வருஷத்து கம்புல வச்ச மொட்டு விரியணும்னா நல்ல குளிரு வாரக்கணக்குல கெடைக்கணும், நம்மூர்ல மார்கழி ராத்திரியே 20 டிகிரிக்கு கீழ எறங்குனா அதிசயம். இலை உதிந்து மஞ்சளா பூக்கணும்னா சித்திரைல சரக்கொன்றை இருக்கு, என்ன, அது மரம், எடம் வேணும்.

போன் பண்ணுனா மொத தடவ "தண்ணி நெறய ஊத்திட்டிய போல"ன்னான், பெறகு சுவிட்ச் ஆஃப். பில் கெடையாது, ஜிபேல காசு போனது வேற யாரோ பேருக்கு. 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கு, சரி, கடை பேரு அட்ரஸ் கேட்டா என்னத்த சொல்ல?

நேத்து மதினி கூப்புட்டாவ, தென்காசில இதே மாதிரி வண்டி நிக்காம், ஆல்பத்துல செர்ரி ப்ளாசமும் இருக்காம், ரெண்டு வாங்கி வைக்கட்டான்னு கேக்காவ.