ஹெட்செட் மைக்: ஓம்னியா, கார்டியாய்டா?

குமரி மாவட்டத்துக் கோயில் கொடை, சர்ச் திருவிழா நாடகங்களில் மைக்கின் முதல் எதிரி வியர்வை. கடற்கரை ஊர் என்றால் உப்புக்காற்றும் சேரும்.

கார்டியாய்டு வகை மைக் முன்பக்கச் சத்தத்தையே அதிகம் எடுக்கும். ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்தாலும் அதன் சத்தம் மைக்கில் திரும்ப நுழைந்து எளிதில் கூவாது. ஆனால் வாயை விட்டுச் சற்று விலகினாலே குரல் மெலியும்; வாய்க்கு நேரே இருந்தால் மூச்சுச் சத்தமும் பதியும். திசை பிரிப்பதற்காக மைக்கின் பின்பக்கம் இருக்கும் பின்துளைகளை வியர்வை அடைத்தால் அந்தக் குணமே கெடும்.

ஓம்னி எல்லாப் பக்கச் சத்தத்தையும் எடுக்கும்; அதில் பின்துளை இல்லை. கன்னத்தில் கொஞ்சம் நகர்ந்தாலும் குரல் அவ்வளவாக மாறாது. ஓட்டமும் சண்டையும் உள்ள நாடகத்துக்கு என் ஓட்டு இதற்கே. ஸ்பீக்கரை மட்டும் நடிகர்களுக்கு முன்னால் தள்ளி வையுங்கள்.

அப்புறம், பெரும்பாலும் முதலில் போவது கேபிள்தான். கன்ட்ரிமேன் கம்பெனியின் இ6 ஹெட்செட் மைக் போல, கேபிளை மட்டும் கழற்றி மாற்றக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள்.