பழைய கார்டா, புதுப் பந்தா? கையெழுத்து மேசைக்கு எதைக் கொண்டுபோகலாம்

அமெரிக்காவின் பழைய பேஸ்பால் நட்சத்திரம் நோலன் ரயனோ ஜானி பென்ச்சோ ரசிகர்களுக்குக் கையெழுத்திட மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு டிக்கெட். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு கையெழுத்துதான். மேசையில் கிடைக்கும் நேரம் பத்து வினாடிகூட வராது. அந்தப் பத்து வினாடிக்குப் பையிலிருந்து எதை எடுப்பது? அமெரிக்க பேஸ்பால் சேகரிப்பாளர்களிடையே இந்தக் கேள்வி வந்தால் பெரும்பாலும் இரண்டு கட்சிதான்: டாப்ஸ் நிறுவனம் 1960களில் வீரரின் படம் போட்டு வெளியிட்ட கார்டை நீட்டுகிறவர்கள், பெட்டி பிரிக்காத ராலிங்ஸ் நிறுவனப் பந்தை நீட்டுகிறவர்கள். என் ஓட்டு கார்டுக்கு. பந்துக்கும் நியாயம் உண்டு, அதையும் சொல்கிறேன்.

எல்லோரும் அறிந்ததை முதலில் முடித்துவிடலாம். பந்து சுலபமாகக் கிடைக்கும், அலமாரியில் வைத்தால் எடுப்பாக இருக்கும், கையெழுத்து கெட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். கார்டு சின்னது. 1957 முதல் டாப்ஸின் அளவு 2.5 அங்குல அகலம், 3.5 அங்குல உயரம், கெட்டுப்போனால் போனதுதான். டிக்கெட் விலையில் இரண்டுக்கும் பெரும்பாலும் வித்தியாசம் இருக்காது. மட்டை, ஜெர்சி, ஹெல்மெட் போன்றவற்றுக்குத்தான் தனிக் கட்டணம். ஆனாலும் டிக்கெட் எடுக்கும் முன் அந்த வீரருக்கான நிபந்தனைகளை ஒரு முறை படித்துவிடுங்கள். ரூக்கி கார்டுக்கு, அதாவது வீரரின் முதல் கார்டுக்கு, கூடுதலாக வாங்குகிறவர்களும் உண்டு. பெயருக்குக் கீழே ஏதாவது எழுதித் தரச் சொன்னால் அதற்குத் தனிக் காசு.

கார்டுக்காரர்கள் சறுக்கும் முதல் இடம், எந்த ஆண்டுக் கார்டு என்பதில். டாப்ஸ் பல ஆண்டுகளில் வீரரின் கையெழுத்தைப் படத்தின் மேலேயே அச்சடித்து விட்டது. 1952, 1954, 1955, 1956, 1959, 1967, 1971, 1975 எல்லாம் அப்படிப்பட்டவை. அச்சுக் கையெழுத்துக்குப் பக்கத்தில் அசல் கையெழுத்து விழுந்தால் கண்ணுக்கு இரண்டும் சண்டை போடும். ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் அசலைச் சரிபார்க்கிறவருக்கும் தலைவலி. 1971-இல் இன்னொரு தொல்லை: சுற்றிலும் கறுப்பு விளிம்பு, அது உதிரவும் செய்யும். கையெழுத்துக்கு என்றே தேடுவதானால் 1961, 1964, 1966 ஆண்டுகளைப் பாருங்கள். பெரிய படம், சுற்றிலும் வெள்ளை விளிம்பு, அச்சுக் கையெழுத்து கிடையாது. வீரரின் தோளுக்குப் பின்னால் வானமோ வெளிறிய சுவரோ இருக்கும் கார்டு கிடைத்தால் அதுதான் பேனாவுக்கேற்ற இடம்.

ரூக்கி கார்டு மோகத்தில் விழ வேண்டாம். ரயனின் ரூக்கி கார்டு 1968 டாப்ஸ் 177-ஆம் எண். அதில் ஜெர்ரி கூஸ்மனும் பக்கத்தில் இருக்கிறார். மைக் ஷ்மிட்டின் 1973 கார்டு 615-ஆம் எண், அதில் மூன்று பேர். தலைக்கு ஒரு தபால்தலை அளவு இடம், பேனா எங்கே போகும்? அதே வீரர் தனியாக நிற்கும் இரண்டாம், மூன்றாம் ஆண்டுக் கார்டு விலையும் குறைவு, கையெழுத்துக்கு இடமும் தாராளம்.

கார்டின் தரத்தில் பலரும் நினைப்பதற்கு நேர்மாறாகப் போக வேண்டும். பத்துக்கு எட்டு, ஒன்பது தரம் பெறக்கூடிய கார்டைக் கையெழுத்துக்கு நீட்டாதீர்கள். அந்த விலை கொடுப்பவர் பேனாவே படாத கார்டைத் தேடுகிறவர். 1952 டாப்ஸ் மிக்கி மான்டில் கார்டு, 311-ஆம் எண், 2022-இல் 126 லட்சம் டாலருக்குப் போனது கையெழுத்துக்காக அல்ல, கூர்மை மாறாத மூலைகளுக்காக. நமக்கு வேண்டியது இரண்டு முதல் நான்கு தரத்திற்குள் உள்ள கார்டு. மூலை மழுங்கியிருக்கலாம், படம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியிருக்கலாம், பின்பக்கம் பழைய பசைத்தடம் இருக்கலாம். முகப்பில் மட்டும் மூன்று குறை இருக்கக் கூடாது. பேனா ஓடும் இடத்தில் மடிப்பு இருந்தால் மை அந்த வரியில் இறங்கிக் கோடு போடும். மேல்தோல் உரிந்து அட்டை தெரிந்தால் மை ஊறிப் பரவும். மூன்றாவது, மெழுகு. அந்தக் காலத்து பாக்கெட் மெழுகுத்தாளால் ஆனது. அதில் ஒட்டிக் கிடந்த கார்டில் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலம் இருந்தால் பேனா அங்கங்கே வழுக்கி விட்டுவிட்டு எழுதும். வெளிச்சத்தில் கார்டைச் சாய்த்துப் பார்த்தால் மங்கல் திட்டாகத் தெரியும். சுத்தமான நைலான் ஸ்டாக்கிங் துணியால் மெல்லத் துடைத்தால் போய்விடும். தண்ணீர், அழிப்பான் எதுவும் பழைய கார்டுக்கு ஆகாது. முகப் பவுடர் தேய்க்கும் வித்தை 1990களுக்குப் பிந்தைய பளபளப்புக் கார்டுகளுக்கானது.

அடுத்தது பேனா. கார்டுக்கு ஷார்பி மார்க்கர், ஃபைன் முனை, நீல நிறம். கறுப்பு மை அச்சோடு கலந்துவிடும், நீலம் தனித்துத் தெரியும். அல்ட்ரா ஃபைன் முனை கீறும். பால்பாயிண்ட் கார்டைப் பள்ளம் பறிக்கும், பாதியில் மை விடாது. பந்துக்கு இது அப்படியே தலைகீழ். நீல பால்பாயிண்ட் தவிர வேறு எதுவும் கூடாது. ஷார்பி மை தோலுக்குள் பக்கவாட்டில் ஊறும். அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். சில வருடத்தில் எழுத்தின் ஓரம் பஞ்சுபோல் கலைந்து, சுற்றிலும் மஞ்சள் வளையம் வரும். ஜெல் பேனாவும் வேண்டாம், காய்வதற்குள் விரல் பட்டு இழுத்துவிடும்.

பந்துக்கு உண்மையான ஆபத்து இங்கேதான். காசு கொடுத்துப் போகும் பெரிய கண்காட்சியில், 1980-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கி இன்றும் ஊர் மாறி மாறி நடக்கும் நேஷனல் என்ற சேகரிப்பாளர் கண்காட்சியில், மேசை உதவியாளர் எந்தப் பேனா வேண்டும் என்று கேட்டு மாற்றிக் கொடுப்பார். அணிகளே நடத்தும் ரசிகர் திருவிழாக்களில், உதாரணமாக 1986 முதல் ஜனவரியில் நடக்கும் சிகாகோ கப்ஸ் அணியின் கப்ஸ் கன்வென்ஷனில், வரிசை பந்தியில் இலை போடும் வேகத்தில் நகரும். வீரர் கையில் இருக்கும் பேனாவே அடுத்தவருக்கும். அது ஷார்பியாக இருந்தால் கார்டு பிழைக்கும், பந்து கெடும். எதற்கும் உங்கள் பேனாவை மூடி திறந்து, பந்தோடு சேர்த்தே நீட்டுங்கள். பால்பாயிண்ட்டை வரிசையில் நிற்கும்போதே ஒரு காகிதத்தில் கிறுக்கி மையை வரவழைத்து வைக்க வேண்டும். இல்லையென்றால் பெயரின் முதல் எழுத்து காணாமல் போகும்.

இதெல்லாம் அன்றைய ஒரு நாள் கவலை. கார்டின் பக்கம் என்னைச் சாய்ப்பது அதற்குப் பிறகு வரும் இருபது வருடம். பராமரிப்பு.

கையெழுத்துக்கு முதல் எதிரி வெளிச்சம். ஷார்பி மையும் சரி, பால்பாயிண்ட் மையும் சரி, வெளிச்சத்தில் வெளுக்கும். ஜன்னலோரம் வைத்த பந்தில் சில மாதத்திலேயே நீலம் ஊதாவாகி, பிறகு பழுப்புக் கோடாகிவிடும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் பெட்டிகள் விற்கிறார்கள். அவை வெளுப்பதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மையைத் தின்னும். ஆக, பந்தைக் காப்பாற்ற ஒரே வழி இருட்டில் வைப்பது. பந்தை வாங்குவதே அலமாரியில் பார்ப்பதற்குத்தானே? இருட்டுப் பெட்டிக்குள் போனபின் பந்துக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் என்ன வித்தியாசம்? கார்டு பிறந்ததே பெட்டிக்குள் கிடப்பதற்கு. எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்துவிடலாம்.

இரண்டாவது எதிரி தோல். 1974 முதல் இந்தப் பந்து மாட்டுத் தோல்; அதற்கு முன் குதிரைத் தோல். எதுவானாலும் உயிரிருந்த பொருள். விரல் எண்ணெய் பட்ட இடம் வருடங்கள் போகப் போக மஞ்சளாகும், ஈரக்காற்றில் பூஞ்சை வரும். துடைக்க முடியாது, துடைத்தால் மையும் சேர்ந்து வரும். பந்தைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கையெழுத்து விழப்போகும் அந்தக் குறுகிய, அச்சில்லாத பகுதியை, ஸ்வீட் ஸ்பாட் என்பார்கள், தொடாமல் தையலைப் பிடித்துத் தூக்க வேண்டும். பெட்டிக்குள் பந்து உருண்டு கையெழுத்து அக்ரிலிக்கில் உரசினாலும் மை ஒட்டிக்கொள்ளும்.

கார்டுக்கு இதில் பாதித் தொல்லைகூட இல்லை. மேசையிலிருந்து வந்ததும் முகம் மேலே இருக்கும்படி ஐந்து நிமிடம் கையிலேயே காய விடுங்கள். அதுவரை உறைக்குள் போகக் கூடாது. ஈர மை பிளாஸ்டிக்கில் கண்ணாடிப் பிம்பமாக ஒட்டும். பிறகு மெல்லிய பாலிப்ரொப்பிலீன் உறை, அதன்மேல் அரைக்கெட்டியான ஹோல்டர், பிறகு அட்டைப்பெட்டி. பழைய பி.வி.சி. ஆல்பத் தாள்களைத் தூக்கி எறியுங்கள். அதில் சேர்த்த மென்மையாக்கி கசிந்து மையைக் கரைக்கும். 1952 முதல் 1956 வரையிலான கார்டுகள் 2.625 அங்குல அகலம், 3.75 அங்குல உயரம். அவற்றை இன்றைய அளவு உறையில் திணித்தால் மூலை மடங்கும், பெரிய உறை தனியாக வாங்க வேண்டும். ஐம்பது கார்டு ஒரு செருப்புப் பெட்டியில் அடங்கும். ஐம்பது பந்துக்கு ஒரு சுவரே வேண்டும்.

விற்கும்போதும் இது தொடர்கிறது. பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் என்ற மூன்று நிறுவனங்களுமே கையெழுத்து அசல்தானா என்று சரிபார்க்கின்றன. கார்டானால் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டு, கார்டுக்கு ஒரு தரம், கையெழுத்துக்கு ஒரு தரம் என்று லேபிளில் போட்டு வாங்கலாம். வாங்குகிறவர் அதைப் படித்தால் போதும். பந்தானால் பந்தின் மேலேயே ஒரு சின்ன ஸ்டிக்கர், கூடவே ஒரு கடிதம். தோலின் நிறத்தைப் பற்றிப் பேரம் பேசுவது தனிக் கதை. சான்று இல்லாத பந்தை யாரும் சீந்தாததற்குக் காரணம் உண்டு. 1990களின் கடைசியில் எஃப்.பி.ஐ. நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' சோதனையில் சிக்கிய போலிகளில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கூட இருந்தது! எதை வாங்கினாலும் அதே நாள், அதே அரங்கில் சரிபார்க்கும் மேசையில் கொடுத்துவிடுங்கள். கையெழுத்து டிக்கெட்டின் மீதியையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சான்றுக் கட்டணம் கார்டின் விலையையே தாண்டும் சாதாரண வீரர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே விற்பனையை மறந்துவிட்டு ஆசைக்கு வாங்குவதுதான்.

பந்து ஜெயிக்கும் இடங்களும் இருக்கின்றன. பெயருக்குக் கீழே எழுத வேண்டும் என்றால் பந்துதான். ரயனிடம் அவர் சாதனைகளை, 5714 ஸ்ட்ரைக்அவுட், ஹால் ஆஃப் ஃபேம் 1999, ஏழு நோ-ஹிட்டர் என்று மூன்று வரி கேட்டால் கார்டில் அவர் முகமே மறைந்துவிடும். நல்ல கார்டே வெளிவராத வீரர்களுக்கும் பந்துதான் வழி. மற்றவரிடம் வாங்கும்போது பந்து ஓரளவு தானே சாட்சி சொல்லும்: 2000 முதல்தான் அப்போது பேஸ்பாலின் தலைமை கமிஷனராக இருந்த பட் செலிக் பெயர் அச்சான பந்து வந்தது, அதற்கு முன் அமெரிக்கன், நேஷனல் என்ற இரண்டு லீகுகளுக்கும் தனித்தனிப் பந்து, தனித்தனித் தலைவர் பெயர். மான்டில் இறந்தது 1995-இல். ஆகவே செலிக் பந்தில் மான்டில் கையெழுத்து என்றால் பார்த்த இடத்திலேயே கீழே வைத்துவிடலாம். பழைய கார்டுக்கு இந்தச் சோதனை செல்லாது, ஏனென்றால் 1956 கார்டில் போலி நேற்றுகூட எழுதியிருக்கலாம். அங்கே மைதான் காட்டிக்கொடுக்கும். ஷார்பி கடைக்கு வந்ததே 1964-இல். 1961-இல் இறந்த டை காப் ஷார்பியில் கையெழுத்திட்டிருக்க வழியில்லை.

வயதான வீரர்களிடம் போகும்போது கார்டுக்கு இன்னொரு சாதகம். எண்பதைத் தாண்டியவருக்கு உருண்டையைப் பிடித்து எழுதுவது சிரமம், மேசையில் படுத்திருக்கும் கார்டு சுலபம். கார்டை உறையிலிருந்து உங்கள் முறைக்கு இரண்டு பேர் முன்பே எடுத்துவிடுங்கள். அவசரத்தில் பிளாஸ்டிக்கின் மேலேயே கையெழுத்து வாங்கிவிட்டு நிற்பவர்கள் எல்லாக் கண்காட்சியிலும் உண்டு. ஒரு கெட்டி அட்டையின் மேல் வைத்து, வீரருக்கு நேராகத் தெரியும்படி திருப்பி, எங்கே எழுத வேண்டும் என்பதை விரலால் காட்டி, உதவியாளரிடம் கொடுங்கள். 'டு' என்று உங்கள் பெயரைச் சேர்த்து எழுதவா என்று கேட்பார்கள். பின்னால் விற்கும் எண்ணம் துளியாவது இருந்தால் வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். பேனா கார்டைத் தொட்டபின் சொல்லிப் பயனில்லை.